ஜெனரேட்டர் ஓடியது, புரொஜெக்டர் ஓடவில்லை

யாழ்ப்பாணம் டவுனுக்குள் ஒரு தனியார் கல்வி நிலையத்தில், நான்கு சனிக்கிழமை, 18,000 ரூபாய். 'தேசியப் பாதுகாப்பில் முறைமைப் பொறியியல்' என்று வகுப்புக்குப் பெயர், அதாவது பல கருவிகளும் ஆட்களும் சேர்ந்து ஒரே சிஸ்டமாக ஒழுங்காக வேலை செய்ய வைக்கிற படிப்பு. இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன். அம்மா கேட்டா, "உந்தப் படிப்பு உனக்கென்னத்துக்கு, ஆமியில சேரப்போறியோ?" நியாயமான கேள்விதான், எங்கட ஊரில் பாதுகாப்பு என்றால் முள்ளுக்கம்பிதானே முதலில் ஞாபகம் வரும். நான் மென்பொருள் வேலை செய்கிறவன், பெரிய சிஸ்டம் எல்லாம் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

முதல் கிழமை சுத்த அறுவை. V வடிவப் படம் (ஒரு பக்கம் திட்டமிடுவது, மறுபக்கம் சேர்த்துச் சோதிப்பது), வரைவிலக்கணம், திரும்பவும் V வடிவப் படம். காசு போச்சு என்றே நினைத்தேன்.

இரண்டாம் கிழமை சேர் 1940க்குப் போனார். ஜெர்மன் விமானங்கள் பிரிட்டனைத் தாக்கிய காலம். பிரிட்டன் தப்பியது ராடாரால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கரையோர ராடார் பார்த்தது கடல் பக்கத்தை மட்டும், விமானம் தரைக்கு மேலே வந்துவிட்டால் வெளியில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்லும் ஆட்கள்தான் கதி. ராடார் செய்தி எல்லாம் டெலிபோனில் லண்டனுக்குப் பக்கத்தில் பென்ட்லி பிரையரி என்ற விமானப்படைத் தலைமையகத்தில் இருந்த ஓர் அறைக்கு வந்து, அங்கே வடிகட்டப்பட்டு, பிறகுதான் கட்டளை அறைகளின் பெரிய வரைபட மேசைகளுக்குப் போகும். எனக்குப் பிடித்தது அந்த அறைகளின் சுவர் மணிக்கூடு. ஐந்தைந்து நிமிடத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் மாறும், செய்தி வந்த நேரத்தின் நிறத்திலேயே மேசையில் காய் வைப்பார்கள். நிறத்தைப் பார்த்தாலே எது பழைய செய்தி, எது புதியது என்று விளங்கிவிடும். கம்ப்யூட்டரே இல்லை! நான் கட்டிய டாஷ்போர்டு ஒன்றிலும் இந்த வசதி இல்லை என்பது வேறு கதை.

மூன்றாம் கிழமை பேட்ரியட், வருகிற ஏவுகணையை வானத்திலேயே அடித்து விழுத்தும் அமெரிக்க ஏவுகணை. 1991 பெப்ரவரி 25, சவுதியின் தஹ்ரான், ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்றைப் பேட்ரியட் தடுக்காமல் விட்டு, அது வந்து விழுந்து 28 அமெரிக்கப் படையினர் செத்தார்கள். பேட்ரியட் கருவி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணும், 0.1ஐ பைனரியில் (கம்ப்யூட்டரின் 0, 1 எழுத்தில்) முழுசாக எழுத முடியாது, 24 இலக்கத்தோடு (24 பிட்) வெட்டிவிட்டால் ஒவ்வொரு எண்ணலிலும் ஒரு துளி பிழை சேரும். 100 மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடினதில் அது 0.34 விநாடியாகிவிட்டது, அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும், கருவி தேடுவது பிழையான இடத்தில். சில மணித்தியாலம் ஓடிவிட்டு இடம் மாறும் என்று நினைத்துச் செய்த கருவியை நாள்கணக்கில் ஒரே இடத்தில் வைத்து ஓட்டினால் வேறென்ன நடக்கும்? திருத்திய மென்பொருள் போய்ச் சேர்ந்தது அடுத்த நாள்.

அந்த இடத்தில்தான் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே ஓடியது, ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, புரொஜெக்டர் மட்டும் செத்துக் கிடந்தது. அந்த பிளக் பொயின்ற் ஜெனரேட்டர் லைனில் இல்லையாம். சேர் சிரித்துவிட்டு, "ஜெனரேட்டரும் நல்லது, புரொஜெக்டரும் நல்லது, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தவன்தான் ஒருத்தனும் இல்லை" என்றார். முதல் கிழமை முழுக்கச் சொல்லியும் விளங்காதது அப்போதுதான் விளங்கியது.

கடைசிக் கிழமைப் பாடம், 1988இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரான் பயணிகள் விமானத்தைச் சுட்டு விழுத்தியது, 290 பேர் செத்தார்கள். விமானம் மேலே ஏறுகிறது என்று கப்பலின் கருவியில் சரியாகத்தான் பதிவாகியிருந்தது, கப்பலுக்குள் இருந்தவர்கள் இறங்கி வருகிறது என்று சொன்னார்கள். ஒரு பிள்ளை எழும்பி, "கருவி என்னென்ன செய்யவேணும் எண்டு தேவைப் பட்டியல் எழுதேக்க விமானத்தில இருந்த சனத்தை ஆர் சேர் நினைச்சது?" என்று கேட்டாள். சேர் நேரமாகிவிட்டது என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இங்கேதான். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் கேள்விக்கு ஒரு அரை மணித்தியாலமாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா?

மற்றபடி சேர் கெட்டிக்காரர், தேத்தண்ணி பரவாயில்லை, நோட்ஸ் படு மோசம். பொறியியல் படிக்கிற பெடியள் போகலாம், முதல் கிழமையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிளக்கை இன்னும் மாற்றவில்லை. கடைசி நாள் ஒஃபிஸிலிருந்து கதவுக்குக் கீழால் ஒரு நீள வயர் இழுத்துவிட்டிருந்தார்கள், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த இரண்டு பேர் அதில் தடக்கி விழப் பார்த்தார்கள்.