டெஸ்டில் லைப்ரரி விழுந்தால்: ஜிடிபியா, வால்கிரைண்டா, அட்ரஸ் சானிடைசரா?

லைப்ரரி கம்பைல் ஆவது சுத்தமாக முடிந்துவிடும், டெஸ்ட்களை ஓட்டும் 'மேக் செக்' ஓடும்போது மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரே வரி. டெபக்கரைத் தேடி ஓடுமுன் எக்ஸிட் கோடை (ப்ரோக்ராம் முடியும்போது விட்டுப்போகும் எண்) பாருங்கள். 139 என்றால் 128-உடன் சிக்னல் 11 (ஓஎஸ் ப்ரோக்ராமை நிறுத்திய காரணத்தின் எண்) கூட்டியது, தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் அபார்ட், ப்ரோக்ராம் தானே நிறுத்திக்கொண்டது; பெரும்பாலும் ஏதோ அசெர்ட் (கோடுக்குள் வைத்த சோதனை) தோற்றிருக்கும். 132 என்றால் இந்த அலசலே வேண்டாம், உங்கள் பிராசசருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்‌ஷன் பைனரிக்குள் வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லோரும் முதலில் எடுப்பது ஜிடிபி என்ற டெபக்கர். லிப்டூல் (லைப்ரரி கட்ட உதவும் டூல்) வைத்த ப்ராஜெக்ட்டில் டெஸ்ட் ஃபைல் பலசமயம் வெறும் ஷெல் ஸ்கிரிப்ட்தான், அசல் பைனரி உள்ளே ஒளிந்திருக்கும். லிப்டூலின் எக்ஸிக்யூட் மோட் வழியாக ஓட்டினால்தான் ஜிடிபி படிக்கும் (இது தெரியாமல் அரை நாள் போச்சு எனக்கு). ஆனால் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) காட்டுவது விழுந்த இடம், வழுக்கிய இடம் அல்ல. மெமரி ஒதுக்கும் மாலாக்கிற்குள் விழுந்ததாகக் காட்டினால் மாலாக்கைத் திட்டாதீர்கள், அதற்கு முன்பே வேறு யாரோ ஹீப்பை (மாலாக் ஒதுக்கும் மெமரிப் பகுதி) கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த ஆளைப் பிடிக்க என் முதல் தேர்வு அட்ரஸ் சானிடைசர், கம்பைல் செய்யும்போதே கோடுக்குள் மெமரிச் சோதனைகளைச் சேர்க்கும் டூல். சுமார் 2 மடங்குதான் வேகம் குறையும், ஃப்ரீ செய்த மெமரியைத் தொட்டால் தொட்ட இடம், ஃப்ரீ செய்த இடம், ஒதுக்கிய இடம் மூன்றையும் கொடுத்துவிடும், ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் இருக்கும் மெமரி) இருக்கும் அரேயைத் தாண்டி எழுதினாலும் விடாது. தொல்லை என்னவென்றால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அப்புறம் சானிடைசர் இல்லாமல் கட்டிய பைத்தான் போன்ற ஒன்று உங்கள் லைப்ரரியை லோட் செய்கிறது என்றால் சானிடைசரின் ரன்டைம் லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றி (ப்ரீலோட்) தொலைக்க வேண்டும்.

வால்கிரைண்ட், இருக்கும் பைனரியை ஓட்டிக்கொண்டே மெமரியைக் கண்காணிக்கும் டூல்; அதற்கு மறு கம்பைல் தேவையில்லை. ஆனால் 20, 30 மடங்கு மெதுவாகும், அதனால் டைம்அவுட் வைத்த டெஸ்ட்கள் வேறு காரணத்துக்காகத் தோற்கும். ஸ்டாக் அரே தாண்டல் அதன் கண்ணில் பெரும்பாலும் படாது. இருந்தும் அதைத் தூக்கிப் போட முடியாது: மதிப்பே வைக்காத வேரியபிளை நம்பி இஃப் எழுதியிருந்தால் அது சொல்லிவிடும், அட்ரஸ் சானிடைசர் சொல்லாது. டெபக் பில்டில் பாஸ், ஆப்டிமைஸ் செய்தால் ஃபெயில் என்றால் நான் நேராக வால்கிரைண்டுக்குத்தான் போவேன்.

வால்கிரைண்ட், அட்ரஸ் சானிடைசர் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஓடாது.

சரி, போன வாரம் வரை பாஸ் ஆன டெஸ்ட் என்றால்? கிட் பைசெக்ட், கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து கெடுத்த கமிட்டைத் தேடும் கட்டளை. 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 ஓட்டத்தில் முடியும். டெஸ்ட் பைனரியை மட்டும் நேரடியாக 'பைசெக்ட் ரன்'னுக்கு (தேடலைத் தானாக ஓட்டும் வகை) கொடுக்காதீர்கள், 128-க்கு மேல் எக்ஸிட் கோட் வந்தால் அது தேடலையே நிறுத்திவிடும். 139-ஐ 1 ஆக மாற்றித் தரும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை நடுவில் வையுங்கள்.