மோட்டார் போட்டால் கம்ப்யூட்டர் அணைகிறது: நாலு வருட அனுபவம்

2021 கடைசியில் காரைக்குடியில் உதிரிப் பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இது. ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ரேம், கூடவே ஒரு 600 விஏ யுபிஎஸ். பள்ளத்தூர் வீட்டில் இரண்டாங்கட்டு அறையில் இருக்கிறது. பகலில் எனக்கு டேலியில் கணக்கு வேலை, ராத்திரியில் பையனுக்கு கேம். இதுவரை இரண்டு தடவை என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டதில்தான் காசும் நேரமும் போயின.

முதல் தடவை நீலத்திரை, அதாவது விண்டோஸ் திடீரென்று நின்றுபோய்க் காட்டும் பிழைத் திரை. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வரும், மறுநாள் வேறு ஏதாவது பெயர் வரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ரேமை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றுவதற்கு முன்னால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் வரிசையாகச் சிவப்பு வரிகள். ரேம் அட்டையில் வேகம் 3600 என்று போட்டிருந்ததால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பியை (ரேமை அட்டையில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் வசதி) ஆன் செய்து அதே வேகத்தில் வைத்திருந்தோம். இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கோ 3200 வரைதான். 3200-க்கு இறக்கிவிட்டு மறுபடி சோதித்தேன்; ஒரு பிழைகூட இல்லை. நீலத்திரை அதோடு ஒழிந்தது.

அடுத்தது 2024 கோடையில். இந்தத் தடவை நீலத்திரை கிடையாது. பட்டென்று இருட்டாகும், ஃபேன் நிற்கும், அவ்வளவுதான். நடந்ததை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போச்சு என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். முறையாக மூடாமல் அணைந்துவிட்டது என்பதைத் தவிர அந்த 41 வேறெதுவும் சொல்வதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது எஸ்எம்பிஎஸ் போட்டேன். மூன்றாம் நாள் மறுபடி அணைந்தது.

வெறுத்துப்போய், கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் அணைந்த நேரத்தை மட்டும் குறிக்க ஆரம்பித்தேன். காலை 6.10, மாலை 5.45, காலை 6.05. ஆத்தா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நான் மோட்டார் போடுற நேரமாச்சேப்பா" என்றது.

யுபிஎஸ்ஸைக் கழற்றினேன். உள்ளே 12 வோல்ட் பேட்டரி வயிறு உப்பிப்போய், இழுத்தாலும் வரவில்லை. மல்டிமீட்டர் 12.8 காட்டியது. நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும். பைக்கின் பழைய ஹெட்லைட் பல்பை அதில் கொடுத்ததும் எண் சரசரவென்று இறங்கி, சில நொடிகளில் 9-க்குக் கீழே போய்விட்டது. மோட்டார் கிளம்பும்போது வீட்டில் வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது; யுபிஎஸ் 'டிக்' என்று பேட்டரிக்கு மாறுகிறது; பேட்டரியில் சரக்கு இல்லை. காப்பாற்ற வாங்கிய பெட்டியே கழுத்தை அறுத்திருக்கிறது! யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகிப் பார்த்தேன். மோட்டார் போட்டதும் டியூப்லைட் சிமிட்டியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. புது எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100-240 வோல்ட் என்று இருந்ததால் அந்தச் சரிவை அது தாங்கிக்கொண்டது.

சரி, வோல்டேஜ் ஏன் அவ்வளவு சரிய வேண்டும்? எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. மெயின் போர்டு முகப்பில், மோட்டார் கடைசிக் கட்டில். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்ட மனசு வராமல் வெளியே மரப்பட்டை அடித்து இழுத்த பழைய வயரிங். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தார். நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி, அதைச் சுற்றி வயர் தோல் கருகியிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்ததே, அதுவரைக்கும் புண்ணியம். வயரை வெட்டிப் புதிதாக முறுக்கினார், மோட்டாருக்குத் தனியாகக் கனமான வயர் இழுத்தார்.

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டர் நின்றது. அன்றைக்குப் பையன் கிராபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டால் ஆவதைப் பாதியில் நிறுத்தியிருந்தான். பேட்டரி மாற்றிய தேதியை யுபிஎஸ் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டேன். ரேம் வேகத்தை 3600-க்கு மறுபடி ஏற்றிப் பார்க்கலாமா என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மார்ச் மாதக் கணக்கு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.