லிஃப்ட் போட்ட பிறகு உயரத்தை எங்கிருந்து அளப்பது?

வண்டியின் உடலை உயர்த்த வாங்கிய லிஃப்ட் கிட்டின் அட்டைப்பெட்டியில் 50 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. ஸ்பிரிங்குகளை மாட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, தரையிலிருந்து முன் மட்கார்டின் விளிம்புவரை டேப்பைப் பிடித்தேன். முன்பு 875, இப்போது 938. கேட்டது 50, கிடைத்தது 63. இரண்டு நாள் அந்த மகிழ்ச்சியிலேயே திரிந்தேன். அதே நாளில் டயரையும் 265/65ஆர்17-இலிருந்து 265/70ஆர்17-க்கு மாற்றியிருந்தேன் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. புது டயரின் பக்கச்சுவர் 13 மில்லிமீட்டர் உயரம் கூடியது. அந்த 13-ஐயும் நான் ஸ்பிரிங்கின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

நான்கு சக்கர இயக்க வண்டியின் உயரத்தை அளக்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: தரையிலிருந்து மட்கார்டு, ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மையத்திலிருந்து மட்கார்டு, சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) அல்லது சக்கரத்தை அதோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையின் போல்ட்டுகள், ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (சக்கரம் அளவுக்கு மீறி மேலே வராமல் தடுக்கும் ரப்பர் கட்டை) உள்ள இடைவெளி, அதாவது சக்கரம் அசைய மிச்சமிருக்கும் இடம். நான்கும் உயரத்தைத்தான் சொல்கின்றன, ஆனால் நான்கும் சொல்வது ஒரே உயரத்தை அல்ல.

தரையிலிருந்து அளப்பதில் சஸ்பென்ஷனோடு தொடர்பில்லாத எல்லாமே வந்து சேர்ந்துகொள்கின்றன. டயரின் அளவு, காற்றழுத்தம், தேய்மானம், தரையின் மேடுபள்ளம் என்று எது மாறினாலும் எண் மாறும். பட்டன்கள் பாதி தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியதை மாட்டினாலே சில மில்லிமீட்டர் ஏறிவிடும். ஆனாலும் இந்த அளவை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கூரை தாழ்ந்த இடத்துக்குள் வண்டி நுழையுமா, பாறைக்கு மேல் அடிப்பகுதி தப்புமா என்ற கேள்விகளுக்குத் தரையிலிருந்து அளந்தால்தான் விடை. இங்கே பலர் ஏமாறும் ஓர் இடமும் உண்டு. இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைத் தண்டு ஆக்ஸில் உள்ள வண்டியில் எவ்வளவு லிஃப்ட் போட்டாலும் அதிலுள்ள டிஃபரன்ஷியல் (பல்சக்கரக்) கூடு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது சக்கரங்களோடு கட்டப்பட்டது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே.

ஹப்பிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளப்பதுதான் என் தேர்வு. டயர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. சக்கரத்தின் நடு மூடியில் மார்க்கரால் ஒரு புள்ளி, அதற்கு நேர் மேலே மட்கார்டில் ஒரு துண்டு ஒட்டு டேப், இவ்வளவுதான் ஏற்பாடு. மையத்தைக் கண்டுபிடிப்பது தொல்லையாக இருந்தால், ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து மையத்தின் வழியாக மேலே அளந்து, ரிம்மின் முழு விட்டத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் டேப் சாய்ந்து எண் கூடும். அப்போது கொத்தனாரின் தூக்குக்குண்டை விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் நேர்க்கோடு கிடைக்கும். என் வண்டியை இப்படி அளந்தபோது முன் வலது 500-இலிருந்து 550-க்கு வந்திருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை.

இந்த முறைக்கும் குறை உண்டு. மட்கார்டு என்பது தகரம். எப்போதோ இடித்துத் தட்டிச் சீர்செய்த பக்கம் 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கலாம். பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் கட்டைகள் வைத்து உயர்த்தும் பாடி லிஃப்ட் இருந்தால், ஸ்பிரிங்கைத் தொடாமலேயே இந்த எண் ஏறும். இன்னொன்று: மாட்டும் முன் அளந்து வைக்காதவருக்கு இது பெரிதாக உதவாது. ‘இந்த மாடலுக்கு இயல்பு உயரம் இவ்வளவு’ என்று பிறர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவருடைய ஸ்பிரிங் எத்தனை ஆண்டு தளர்ந்தது, பின்னால் எவ்வளவு பாரம் கிடந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

அப்படி முன்பே அளந்து வைக்காதவர் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். டொயோட்டாவின் பல பட்டறைக் கையேடுகளில் முன்பக்க உயரம் என்பது இரண்டு அளவுகளின் வித்தியாசம்: சக்கர மையம் தரையிலிருந்து எவ்வளவு, சஸ்பென்ஷனின் கீழ்க்கையின் போல்ட் மையம் தரையிலிருந்து எவ்வளவு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது டயர் கழிந்துபோகிறது, தகரம் இதில் நுழையவே இல்லை. டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகித் தாங்கும் கம்பி) வைத்த வண்டிகளில் சரிசெய்யும் போல்ட்டைச் சில சுற்றுகள் திருப்பினாலே உயரம் மாறும் என்பதால், அங்கே இதைவிட நம்பகமான அளவு இல்லை. இருந்தாலும் சேறும் கிரீசும் படிந்த போல்ட்டின் மையத்தைப் படுத்துக்கொண்டு அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இரண்டு முறை அளந்தால் இரண்டு எண்கள் வரும். தரை சமமாக இருப்பதும் கட்டாயம். ரசமட்டமும் நீளமான நேர்ச்சட்டமும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

நான்காவது வழியைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. எனக்கோ அதுதான் சுவையான பகுதி. மட்கார்டின் உயரம் சரியாகவே இருக்கட்டும். சக்கரம் மேலே போகவும் கீழே தொங்கவும் எவ்வளவு இடம் மிச்சம்?

முன்பக்கம் மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டைக் கை சஸ்பென்ஷன் கொண்ட இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 50 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கின்றன. முதல் வண்டியில் நீளமான ஸ்பிரிங், பழைய நீளத்திலேயே ஷாக் அப்சார்பர். இரண்டாவதில் ஷாக்கின் தலைக்கு மேல் ஒரு ஸ்பேசர் (இடைக்கட்டை). அந்த ஸ்பேசரின் தடிமன் 50 அல்ல, ஏறத்தாழ பாதிதான். ஷாக்கின் கால் கீழ்க்கையின் நடுப்பகுதியில் நிற்பதால், அங்கே நகரும் தூரம் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. முதல் வண்டியில் சக்கரம் கீழே தொங்க 80 மில்லிமீட்டர் இருந்திருந்தால் இப்போது மிச்சம் 30. ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் முழுக்க நீண்டு, மேலே ‘டக்’ என்று அடிக்கும். இரண்டாவதில் தொங்கும் தூரம் அந்த 80-தான், ஆனால் கை முன்பைவிடக் கீழே இறங்குவதால் பால் ஜாயின்டும் (கையின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு), சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டும் கூடுதல் கோணத்தில் வளைகின்றன. பலமாக அமுங்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் அடிதட்டும் ஆபத்தும் உண்டு. மட்கார்டில் டேப் பிடிப்பவருக்கு இரண்டு வண்டியும் ஒன்றுதான்.

தெரிந்துகொள்வது எளிது. சேஸியை ஜாக்கியில் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும் நிலையில் ஹப்பிலிருந்து விளிம்புவரை அளந்து, நிற்கும் உயரத்தைக் கழியுங்கள். வருவதுதான் தொங்கும் தூரம். லிஃப்ட் போடும் முன்பும் பின்பும் இந்த எண்ணைக் குறிப்பது, அரை மணி நேர வேலைக்குத் தகும்.

எப்போது அளப்பது என்பதிலும் போட்டி உண்டு. ஜாக்கியை இறக்கியவுடன் அளப்பதில் பயனே இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தனியே அசையும் தனிச் சஸ்பென்ஷனில் சக்கரம் தொங்கும்போது உள்ளே ஒடுங்கி, வண்டி இறங்கும்போது வெளியே விரிய வேண்டும். டயர் தரையைப் பற்றிக்கொண்டு விரியவிடாது. கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, முன்னாலும் பின்னாலும் அமுக்கிவிட்டால் வண்டி தன் இடத்துக்கு வரும். அப்படியும் இறங்காமல் நின்றால் புஷ்களைச் சந்தேகியுங்கள். பல சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டப்பட்டது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி இறங்கும்போது அந்த ரப்பர் முறுகி, தானும் ஒரு ஸ்பிரிங்காகி வண்டியைத் தாங்கும். டேப்பில் நல்ல உயரம் தெரியும். சில மாதங்களில் புஷ் கிழியும். எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது தளர்த்தி மறுபடி இறுக்குவதே வழி.

புது ஸ்பிரிங்குகள், குறிப்பாகப் பல அடுக்கு லீஃப் ஸ்பிரிங்குகள், முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமரும். ஆகவே நான் இரண்டு அளவு எடுக்கிறேன்: ஒரு நாள் ஓட்டிய பிறகு ஒன்று, 1000 கிலோமீட்டரில் ஒன்று. வீல் அலைன்மென்டைப் பொறுத்தவரை காத்திருக்க வேண்டாம். உயரம் மாறிய கணமே கோணங்களும் மாறிவிட்டன. ஹெட்லைட்டும் அப்படித்தான், எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும்.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் தாழ்ந்து தெரிந்தால் உடனே ஸ்பிரிங்கைப் பழிக்காமல், வண்டியை அதே இடத்தில் நேர் எதிராகத் திருப்பி நிறுத்தி மறுபடி அளங்கள். தாழ்வு பக்கம் மாறினால் குற்றம் தரையுடையது. பக்கம் மாறாவிட்டால் டேங்க், பேட்டரி, பின்னால் கிடக்கும் பெட்டி ஆகியவற்றின் எடை எந்தப் பக்கம் என்று பாருங்கள். 80 லிட்டர் டீசலே 65 கிலோவுக்கு மேல் வரும். சில கிட்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சற்று உயரமானது. இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வதும் நடக்கிறது. 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும் வித்தியாசத்துக்காக நான் ஸ்பானரை எடுப்பதில்லை. 20 என்றால் எடுப்பேன்.

1000 கிலோமீட்டரில் என் வண்டியின் முன் வலது 546, முன் இடது 551. டேங்க் பாதி, வண்டியில் ஆள் இல்லை, பின்னால் பாரம் இல்லை என்று அந்த எண்களுக்குக் கீழே எழுதி, தாளை டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் ஏறும் நாளில் அந்தத் தாள் தேவைப்படும்.