பால்கனிக்கு இன்விசிபிள் கிரில் போடப் போகிறீர்களா? 33,600 ரூபாய் கொடுத்து நாங்கள் ஏமாந்ததைப் படித்துவிட்டுப் போடுங்கள்

நேற்று சாயங்காலம் நடந்தது. கை இன்னும் நடுங்குகிறது. இரண்டு நாள் கழித்து நிதானமாக எழுது என்கிறார் வீட்டுக்காரர். என்னால் முடியாது. இன்றைக்கே யாராவது ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கலாம், அவர்களுக்காக இப்போதே எழுதுகிறேன்.

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் ஃபிளாட், மூன்றாவது மாடி. பால்கனிக் கைப்பிடியில் பில்டர் கம்பிகளைக் குறுக்குவாட்டில் வைத்துவிட்டார். ஏறப் பழகும் குழந்தைக்கு அது ஏணிதான். பொங்கல் முடிந்த வாரம் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்புகிறேன், ஒன்றே முக்கால் வயதுப் பாப்பா இரண்டாவது கம்பியில் ஏறி நின்று கீழே நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்தோம். நைலான் வலை வெயிலில் இற்றுப்போகும் என்று கேள்விப்பட்டு, விலை கூடினாலும் இன்விசிபிள் கிரில் என்று போனோம், அதாவது மெல்லிய ஸ்டீல் கம்பிகளை மேலிருந்து கீழாக நெருக்கமாக இழுத்துக் கட்டுவது.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். முக்கால்வாசிப் பேர் ஃபோனில் இருக்கும் வகைதான். புகார் கொடுக்கப் போவதால் பெயர் எழுதவில்லை. பார்த்து அளவெடுக்க மட்டும் 499 ரூபாய்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். அப்புறம்தான் பாப்பாவைத் தூக்கினார். "என் பொண்ணுக்கும் இதே வயசுதான் சிஸ்டர்" என்றார். பால்கனியை அளந்த டேப்பாலேயே பாப்பாவையும் சுவரோரம் நிறுத்தி அளந்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார், 32 அங்குலம். அந்தக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, "இவ்வளவுதான் கேப், 2 இன்ச். பாப்பா கையைத் தவிர வேற எதுவும் வெளிய போகாது" என்றார். கம்பி எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடல் காற்றுக்கு அதுதான் தாங்கும், பத்து வருஷம் வாரண்டி என்றார். பலகையில் இழுத்துக் கட்டிய சாம்பிள் ஒன்றைக் கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும், இதே சரக்குதான் வரும். என் தங்கச்சி வீடு மாதிரி நெனச்சுப் போட்டுத் தரேன்" என்றார்.

நான் நம்பியது அந்தப் பென்சில் கோட்டில்தான். பிள்ளையை அளந்து பார்க்கிற மனிதர் பிள்ளை விஷயத்தில் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன்.

பெரிய பால்கனி 14க்கு 8, சின்னது 6க்கு 8, மொத்தம் 160 சதுர அடி. சதுர அடி 210 என்று 33,600 ரூபாய். ஆப் வழியாகப் போனால் கமிஷன், பில் போட்டால் 18% ஜிஎஸ்டி என்று இன்னும் 6,048 ரூபாய் கூடும், எதுக்கு சிஸ்டர் வீணா, நேரா எனக்கே ஜிபே பண்ணிடுங்க என்றார். பண்ணினேன். அட்வான்ஸ் 15,000, சரக்கு இறங்கியதும் 10,000, வேலை முடிந்ததும் 8,600.

வேலைக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். டிரில் சத்தத்தில் பாப்பா வீறிட்டு அழுததால் அவளைத் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போய்விட்டேன். நாலு மணிக்கு மேலே வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. நடுவில் ஒரு கம்பியை அவரே சுண்டிக் காட்டினார், வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது. அந்த ஒன்றைத்தான் நானும் இழுத்துப் பார்த்தேன். மிச்சப் பணத்தை அங்கேயே அனுப்பினேன்.

ஜூன் மாதம் ஒருநாள் பாப்பா ஓடிவந்து உள்ளங்கையை விரித்து "அம்மா, மதாணி" என்றாள். மருதாணி சிவப்பில் கை முழுக்கக் கறை. தொட்டியில் செம்மண்ணை அளைந்திருப்பாள் என்று கழுவிவிட்டேன். மறுநாளும் அதே கறை. குனிந்து பார்த்தால் கீழ் டிராக்கில், அதாவது கம்பிகளின் அடிமுனையை மாட்டியிருக்கும் பட்டையில், முனை ஒவ்வொன்றிலிருந்தும் செம்பழுப்பாக வழிந்திருக்கிறது. துரு.

ஃபோன் பண்ணினேன். "கடல் காத்து சிஸ்டர், மேல் துருதான். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு விடுங்க, உள்ள ஸ்ட்ராங்கா இருக்கும்." துடைத்தேன், நாலே நாளில் திரும்ப வந்தது. அடுத்த வாரம் கேட்டால், பசங்க ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்காங்க, வந்ததும் அனுப்புறேன். அதற்கடுத்த வாரம், வண்டி ரிப்பேர். பிறகு அவர் ஃபோன் எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் படம் மறைந்து ஒற்றை டிக்கோடு நின்றது. ஆப்பில் புகார் போட்டேன். ஒரு பெண் கூப்பிட்டுப் பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டு, நீங்க டைரக்டா பே பண்ணியிருக்கீங்க மேடம், எங்க சிஸ்டத்துல 499 விசிட் மட்டும்தான் காட்டுது என்றார். அன்று ராத்திரியே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். யார் என்ன தீர்த்தார்கள்?

உள்ளே ஸ்ட்ராங் என்று அவர் சொன்னதை நம்பித்தான் பால்கனிக் கதவை நேற்று திறந்து வைத்திருந்தேன். கிரில் கைப்பிடிக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. பாப்பா டம்ளரோடு ஏறி, கம்பிமேல் சாய்ந்திருக்கிறாள். டப்பென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு கம்பி கீழ்க் கிளிப்பிலிருந்து கழன்று கயிறு மாதிரி காற்றில் ஆடுகிறது, அவளுடைய வலது கை தோள்வரை வெளியே இருக்கிறது. கவுனைப் பிடித்து இழுத்தேன். டம்ளர் மூன்று மாடி இறங்கி கார் ஷெட் தகரத்தில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மேல்வீட்டு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். ராத்திரி அவர் வந்து கழன்ற கம்பியின் பிளாஸ்டிக் உறையை பிளேடால் உரித்தார். உள்ளே முறுக்கிய இழைகள் முழுக்கப் பழுப்புப் பொடி. பட்டறைக் காந்தத்தை வைத்தார், பச்சென்று ஒட்டிக்கொண்டது. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கம்பியாக இழுத்தால் லேசாகக் காந்தம் பிடிக்குமாம், ஆனால் இப்படிப் பிடித்தால் அது சாதா இரும்புதான் என்றார். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கும், உப்புக் காற்றைத் தாங்குவது அதனால்தான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இன்னொரு கிரேடான 304இல் அது கிடையாது, உங்க வீட்டில் இருப்பது 304கூட இல்லை என்றார். அந்த ஆள் விட்டுப்போன சாம்பிள் பலகையில் காந்தம் ஒட்டவே இல்லை. பேட்டரி வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கிட் அண்ணனிடம் இருந்தது, மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும். சாம்பிளில் மாறியது, எங்கள் கம்பியில் மாறவில்லை. அசல் 316 எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள்தான் எங்களுக்கு இரும்பைப் போட்டிருக்கிறார்.

அண்ணன் போனபிறகு கம்பிகளை எண்ணினேன். 14 அடிக்கு 2 அங்குல இடைவெளி என்றால் 83 கம்பி வரவேண்டும், 55தான் இருக்கிறது. இடைவெளி 2 இல்லை, 3 அங்குலம். ஓரக் கம்பிகள் தொய்ந்திருப்பதால் கையால் விலக்கினால் அஞ்சரை அங்குலம் வருகிறது. கைப்பிடியில் 10 செ.மீ. உருண்டை நுழையக்கூடாது என்று பல நாட்டுக் கட்டட விதிகள் சொல்கின்றன. அஞ்சரை அங்குலம் 14 செ.மீ. என் பிள்ளை தலை அதில் போகுமா போகாதா என்று டேப் வைத்து ராத்திரி அளந்துகொண்டிருந்தேன். எந்த அம்மாவும் அதை அளக்கக்கூடாது.

இன்று காலை கிரில் போட்ட ஆளை வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார். பாப்பா விழப் பார்த்தாள் என்று சொன்னேன். ஐயோ என்று ஒரு வார்த்தை வரவில்லை. "வாரண்டி கம்பிக்குத்தான் மேடம், கிளிப்புக்குக் கிடையாது." சரி, கம்பிதானே துருப்பிடித்திருக்கிறது? "கடலோர ஏரியாவுக்குத் துரு வாரண்டி வராது, கார்டு பின்னாடி போட்டிருக்கும்." எனக்குக் கார்டே கொடுக்கவில்லை. சிஸ்டர் மேடமாகிவிட்டது, அதுதான் மிச்சம். 33,600 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, பாப்பா பெயரில் ஆர்டி போடச் சேர்த்தது.

1915இல் புகார் பதிந்துவிட்டேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, சாம்பிள் பலகை, உரித்த கம்பி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பாப்பா எழுந்துவிட்டாள். அவசரத்துக்கு இவ்வளவு. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். ஆப்பில் புக் செய்தால் ஆப்பிலேயே கட்டுங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கம்பிகளை எண்ணி, ஓரக் கம்பிகளையும் இழுத்துப் பார்த்தபிறகு கடைசிப் பணத்தைக் கொடுங்கள்.

கொட்டிவாக்கம், நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் இந்த வருஷம் கிரில் போட்டவர்கள் இன்றைக்கே ஒரு காந்தத்தோடு போய்க் கீழ் டிராக்கைக் குனிந்து பாருங்கள். கம்பி முனையில் பழுப்பு தெரிந்தால் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை உயரத்தில் வையுங்கள்.