சஃபாரிலேண்ட் 6360: இடுப்பில் வெளியே தெரியும் பிஸ்டலுக்கு ஏற்ற உறை

அமெரிக்காவில் சீருடைக் காவலரும் ஆயுதம் தாங்கிய செக்யூரிட்டி ஊழியரும் பிஸ்டலை எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறார்கள். அவர்களுக்கான ஹோல்ஸ்டரில் முதலில் பார்க்க வேண்டியது, பின்னாலிருந்து ஒருவன் பிடியைப் பற்றி இழுத்தால் துப்பாக்கி உறையிலேயே நிற்குமா என்பது. எவ்வளவு வேகமாக உருவ முடியும் என்பதெல்லாம் அப்புறம்தான். அந்தக் கணக்கில் சஃபாரிலேண்ட் நிறுவனத்தின் 6360 உறையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சட்டைக்குள் மறைத்து வைக்க நினைப்பவர்கள் மட்டும் இதை வாங்க வேண்டாம். பருமன் அதிகம், எந்தச் சட்டைக்குள்ளும் புடைத்துத் தெரியும்.

இதில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. பிஸ்டலை உள்ளே தள்ளியதும் 'டிக்' என்று தானாக விழுவது ஏஎல்எஸ். உறைக்குள் இருக்கும் ஒரு சிறு கட்டை, ஸ்லைடில், அதாவது பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், காலித் தோட்டா வெளியேறும் திறப்பில் போய் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க உடம்புப் பக்கமாக இழுக்கும் ஒரு சிறு லிவர் இருக்கிறது. ஸ்லைடின் பின்புறத்துக்கு மேலாக வளைந்து நிற்கும் மூடி எஸ்எல்எஸ். அதைக் கீழே அழுத்தி முன்னால் சுழற்றினால்தான் வழி விடும். இரண்டையும் திறப்பது கட்டைவிரல்தான். இந்த உறையின் பெரிய பலமும் அதுதான். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் பிளாக்ஹாக் செர்பா போன்ற உறைகளில், பதற்றத்தில் பொத்தானை அழுத்திய விரல் துப்பாக்கி வெளியே வரும்போது மடங்கியபடியே டிரிகர் மேல் விழும் ஆபத்து உண்டு. அதனால்தான் பல பயிற்சிப் பள்ளிகள் அந்த வகையை வகுப்புக்குள் அனுமதிப்பதில்லை. 6360இல் ஆள்காட்டி விரலுக்கு வேலையே கிடையாது, அது உறையின் வெளிப்பக்கத்தில் நீட்டியபடியே இருக்கும்.

பெட்டியில் 'மூன்றாம் நிலைப் பாதுகாப்பு' என்று போட்டிருக்கும். இந்த நிலைக் கணக்கை வகுத்தவர் முன்னாள் எஃப்பிஐ அதிகாரி பில் ரோஜர்ஸ். ஒருவர் அணிந்திருக்கும் உறையிலிருந்து இன்னொருவர் 5 விநாடிகள் முழுப் பலத்தோடு பிடியைப் பற்றி இழுக்க வேண்டும். துப்பாக்கியும் வரக் கூடாது, உறையும் பெல்ட்டிலிருந்து பிய்ந்து வரக் கூடாது. தாங்கினால் முதல் நிலை. திறப்பதற்கான அசைவுகளில் ஒன்றைச் செய்துவிட்டு மறுபடி இழுத்தும் தாங்கினால் இரண்டாம் நிலை, இன்னொன்றையும் செய்த பிறகும் தாங்கினால் மூன்றாம் நிலை. 6360இல் பூட்டு இரண்டுதான் என்றாலும் மூடியை அழுத்துவது, சுழற்றுவது, லிவரை இழுப்பது என்று அசைவுகள் மூன்று. ஆனால் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் எதுவும் இல்லை. வேறொரு நிறுவனம் போட்டிருக்கும் '3' இதே சோதனையைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

உருவும்போது பெரும்பாலும் சிக்கல் வருவது இரண்டு இடங்களில். மூடியைக் கீழே அழுத்தாமல் நேராக முன்னால் தள்ளுவது ஒன்று. அப்படித் தள்ளினால் மூடி அசையவே அசையாது, பலத்தைக் கூட்டியும் பயனில்லை. மற்றொன்று, ஏஎல்எஸ் லிவரைப் பின்னால் இழுத்து முடிக்கும் முன்பே துப்பாக்கியை மேலே தூக்குவது. அப்போது பூட்டுக் கட்டை ஸ்லைடோடு இறுகிக்கொள்ளும். தூக்கும் விசையைத் தளர்த்தி, துப்பாக்கியைச் சற்றுக் கீழே அழுத்திய பிறகே லிவர் விடும். சரியான வரிசை இதுதான்: உள்ளங்கை பிடியில் முழுதாக இறங்க வேண்டும், கட்டைவிரல் மூடியை அழுத்திச் சுழற்ற வேண்டும், அதே விரல் திரும்பி வந்து லிவரை உடம்புப் பக்கமாக இழுக்க வேண்டும், அதன் பிறகே நேராக மேலே. தோட்டா இல்லாத பயிற்சித் துப்பாக்கியை வைத்து, கை தானாகச் செய்யும் வரை பழக வேண்டும். பழகாதவர் கையில் மூன்றாம் நிலை உறை உரியவரையே தடுக்கும் பூட்டாகிவிடும். பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாத ஊழியருக்கு, மூடி இல்லாமல் ஏஎல்எஸ் மட்டும் உள்ள 6390 பொருத்தம். அது முதல் நிலைதான் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

ஆர்டர் செய்யும்போது துப்பாக்கியின் மாடலோடு, அதன் குழலுக்குக் கீழே லைட் மாட்டியிருந்தால் அந்த லைட்டின் மாடலையும் சொல்ல வேண்டும். லைட் இல்லாத கிளாக் 17க்கு எடுத்த உறையில் லைட் மாட்டிய கிளாக் 17 இறங்காது. லைட்டுக்கான உறையில் வாய் அகலம், டிரிகர் பக்கம் இடைவெளி சற்றுக் கூடுதல். குளிர்கால ஜாக்கெட்டின் இடுப்புக் கயிறும் அதன் நுனியில் உள்ள பிளாஸ்டிக் குமிழும் அந்த இடைவெளியில் புகுந்தால், துப்பாக்கியை உள்ளே தள்ளும் வேகத்திலேயே டிரிகர் அழுந்திவிடும். அந்தக் கயிற்றை வெட்டி எறிந்துவிடுவது நல்லது. உறையில் திரும்ப வைக்கும்போது அவசரமே கூடாது, கண்ணால் பார்த்து வைக்க வேண்டும்.

உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெல்ட் தொளதொள என்றிருந்தால் பயனில்லை. 6360 இரண்டேகால் அங்குல டியூட்டி பெல்ட்டுக்கானது. சாதாரண பேண்ட் பெல்ட்டில் மாட்டினால் உறை ஆடும், உருவும்போது உறையும் சேர்ந்து மேலே ஏறும். குண்டு துளைக்காத அங்கி அணிபவர்கள், உறையைப் பெல்ட்டோடு இணைக்கும் பட்டையில் நடு உயரத்தை எடுத்தால் அங்கியின் கீழ் விளிம்பு பிடியில் இடிக்காது. தொடையில் இறக்கிக் கட்டுவது பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம், ஓடும்போது அடித்துக்கொண்டே வரும். ஒரே பெல்ட்டில் உறைகளை மாற்றி மாற்றி மாட்ட கியூஎல்எஸ் இணைப்பு வசதிதான். ஆனால் உறை உடம்பிலிருந்து சற்று விலகி நிற்கும், இணைப்பில் லேசான ஆட்டமும் இருக்கும். ஒரே துப்பாக்கியோடு ரோந்து போகிறவருக்கு அது தேவையில்லை.

பராமரிப்பில் முதல் கவனம் ஸ்குரூக்களுக்கு. பட்டையைப் பிடிக்கும் மூன்று ஸ்குரூக்களும் காரில் ஏறி இறங்கும் அதிர்விலேயே தளரும். ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முடுக்கி, ஸ்குரூ தலையிலிருந்து உறை வரை பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு விலகியதும் தளர்ந்தது தெரிந்துவிடும். நீளமான வேறு ஸ்குரூவைப் போட்டால் உள்ளே துருத்தி ஸ்லைடைக் கீறும். உள்ளே ஒட்டியிருக்கும் மென்துணிப் படலம் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கியின் கறுப்புப் பூச்சு ஓரங்களில் தேய்வதற்கு அதுவும் ஒரு காரணம். தூரிகையால் தட்டி, காற்றடித்தால் போதும். லிவருக்கு எண்ணெய் விடக் கூடாது, தூசு சேர்ந்து பசையாகிவிடும். இந்தத் துணிப் படலம் வேண்டாம் என்பவர்களுக்கு, அதே பூட்டுகளோடு நைலான் கலவையில் வார்த்த 7360 இருக்கிறது.

ரெட் டாட், அதாவது குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, ஸ்லைடின் மேல் மாட்டிய பிஸ்டலுக்குச் சாதாரண 6360 சேராது, மூடி அந்தக் கண்ணாடியில் இடிக்கும். அதற்கு 6360ஆர்டிஎஸ் என்று தனி மாடல் உண்டு. இன்னும் சில மாதங்களில் ரெட் டாட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே அதை வாங்கிவிடுங்கள்.