எடிட்டர் இங்கே, கம்பைலர் அங்கே: நெடுநாள் ஓட்டிப் பார்த்த பிறகு

நிரல் எழுதுவது மடிக்கணினியில், அது கம்பைல் ஆவது (இயங்கும் வடிவத்துக்கு மாறுவது) 32 கோர் உள்ள லினக்ஸ் சர்வரில். முதல் வாரம் வேகம் மட்டும்தான் கண்ணில் படும். மாதக்கணக்கில் ஓட்டினால் வேறு இரண்டு சங்கதிகள்தான் படுத்தி எடுக்கும்: கோப்பின் பாதை (இரு கணினியிலும் வெவ்வேறு ஃபோல்டராக இருக்கலாம்), கோப்பின் நேரம் (அது கடைசியாக மாறிய நேரம்).

2019 மே மாதம் வந்த விஎஸ் கோட் எடிட்டரின் ரிமோட் எஸ்எஸ்எச் நீட்சி (எஸ்எஸ்எச் என்பது தொலைக்கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இந்தப் பாதைச் சிக்கலை அறவே தவிர்த்துவிடுகிறது. எடிட்டரின் பாதி சர்வரிலேயே ஓடுவதால், பிழைச் செய்தியில் வரும் பாதையும் திறந்திருக்கும் கோப்பின் பாதையும் ஒன்றே. தட்டச்சு உள்ளூரில் நடப்பதால் எழுத்து இழுக்காது. ஆனால் சர்வரில் கணிசமாக மெமரி தின்னும். 1.99 பதிப்பிலிருந்து சர்வரில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் 2.28 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பழைய சென்ட்ஓஎஸ் 7 சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைத்துப் போனது.

ஈமேக்ஸ் எடிட்டரில் தொலைக்கோப்புகளைத் திறக்கும் ட்ராம்ப் இன்னும் எளிது. சர்வரில் எதையும் நிறுவ வேண்டாம். தொலைக்கோப்பைத் திறந்து கம்பைல் கட்டளை கொடுத்தால் அது தானாகவே அங்கே ஓடும், பிழை வரியில் என்டர் தட்டினால் சரியான இடம் திறக்கும். பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 5 மில்லிசெகண்டாக இருக்கும்வரை சுகம். 150-ஐத் தொட்டால் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு பெருமூச்சு. கோப்பு கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் (விசி) இருக்கிறதா என்று அது விசாரிப்பதுதான் பெரும்பாலும் காரணம். தொலைக்கோப்புகளுக்கு மட்டும் விசி சோதனையை அணைத்தால் பாதி சரியாகிவிடும். சர்வர் ஃபோல்டரை உள்ளூர் ஃபோல்டர்போல இணைக்கும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் மவுண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்தால் எடிட்டரே உறைந்து போகும்.

நீடித்து நின்றது நான்காவது வழி. கோப்பு உள்ளூரில் இருக்கும், மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் அதை அனுப்பும், மாறியதை மட்டும் கம்பைல் செய்யவைக்கும் மேக் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் ஓடும், வெளியீடு எடிட்டருக்குத் திரும்பும். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். அதை விம் எடிட்டரில் கம்பைல் கட்டளையைச் சொல்லும் மேக்பிஆர்ஜி அமைப்பில் கொடுத்துவிட்டால் பிழைகள் க்விக்ஃபிக்ஸ் என்ற பிழைப் பட்டியலில் வந்து உட்காரும். அந்தப் பத்து வரியைச் சரியாக எழுதுவதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் இணைப்பு. ஒவ்வொரு கம்பைலுக்கும் இரண்டு எஸ்எஸ்எச் இணைப்புகள் ஆகின்றன. இரண்டும் தனித்தனியே கைகுலுக்கினால் ஒரு வரி மாற்றத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டும். ஒரே இணைப்பைப் பகிர, எஸ்எஸ்எச் அமைப்பில் கண்ட்ரோல்மாஸ்டரை ஆட்டோ என்றும், கண்ட்ரோல்பெர்சிஸ்டை 10 நிமிடம் என்றும் வையுங்கள். அந்த இணைப்பைப் பகிரும் சாக்கெட் கோப்பின் பாதை லினக்ஸில் 108 பைட்டைத் தாண்டக்கூடாது. நீண்ட சர்வர் பெயரை அப்படியே அதில் போட்டால் இடிக்கும். மடிக்கணினி தூங்கி எழுந்ததும் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு எஸ்எஸ்எச் தொங்கும். சர்வர்அலைவ்இன்டர்வலை (சர்வர் பதில் சொல்கிறதா என்று கேட்கும் இடைவெளி) 15 நொடி என்று வைத்தால், தவறும் எண்ணிக்கை இயல்பாகவே 3 என்பதால், ஏறக்குறைய 45 நொடியில் அதுவே கைவிட்டுவிடும்.

டெர்மினலில் ஓடும் கம்பைலர் ஸ்கிரிப்டில் 'கட்டளை காணவில்லை' என்றால், சர்வரில் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பைப் பாருங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் அதன் தலைப்பகுதியிலேயே, ஊடாடும் ஷெல் இல்லையென்றால் திரும்பிப் போ என்றிருக்கும். பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) மாற்றங்கள் அதற்கு மேலே இருக்க வேண்டும். அதே கோப்பில் யாராவது வரவேற்பு வாசகம் எக்கோ செய்திருந்தால் ஆர்சிங்க், நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை என்று கத்தும். பதிப்பில் கோளாறு இல்லை; அந்த ஒரு வரிதான்.

அடுத்தது நேரம். இங்கே வரும் பிழை சத்தமே போடாது. ஆர்சிங்க்கின் 'ஏ' ஆப்ஷன் கோப்பின் உள்ளூர் நேரத்தை அப்படியே கொண்டுபோகும். கம்பைலர் உருவாக்கும் ஆப்ஜெக்ட் கோப்பின் நேரமோ சர்வர் கடிகாரத்தில் பதிவாகும். சர்வர் கடிகாரம் பின்தங்கியிருந்தால், புதுக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதென்று மேக் எச்சரிக்கும். சர்வர் 2 நிமிடம் முந்தியிருந்தால்? 10:03-க்குக் கம்பைல் ஆன ஆப்ஜெக்டில் 10:05 என்றிருக்கும். 10:04-க்குத் திருத்திய கோப்பு 10:04 என்றே போய்ச் சேரும். ஆப்ஜெக்ட்தான் புதியது என்று மேக் பேசாமல் இருந்துவிடும். திருத்தியது நிரலில் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இரு பக்கமும் கடிகாரத்தைச் சரிப்படுத்தும் குரோனியை ஓடவிடுவது முதல் மருந்து. சர்வரில் அதற்கு அனுமதி இல்லையென்றால் 'ஏ'-வை விட்டு 'ஆர்', 'எல்', 'பி', 'சி' ஆப்ஷன்களைக் கொடுங்கள். உள்ளடக்கம் மாறிய கோப்பு மட்டும் போகும், சர்வரின் நேரத்தையே பெறும். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் எல்லாக் கோப்பையும் படித்தாக வேண்டும் என்பதுதான் விலை. டெலீட் ஆப்ஷனும் சேர்ப்பதானால் பில்ட் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் போட மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு முறையும் முழுக் கம்பைல்தான்.

பாதைக்குச் சுருக்கு வழி, இரு கணினியிலும் ஒரே முழுப்பாதையில் திட்டத்தை வைப்பது. முடியாவிட்டால் வெளியீட்டை செட் என்ற உரை மாற்றும் கட்டளை வழியாக விட்டு சர்வர் பாதையை உள்ளூர்ப் பாதையாக மாற்ற வேண்டும். செட்டுக்கு 'யூ' ஆப்ஷன் கொடுக்காவிட்டால் பிழைகள் சேர்த்துவைத்து மொத்தமாக வந்து விழும். ஷெல்லின் பைப்ஃபெயில் அமைப்பைப் போடாவிட்டால் கம்பைல் தோற்றாலும் ஸ்கிரிப்ட் வெற்றி என்றே சொல்லும். உள்ஃபோல்டர்களில் மேக் நுழையும் திட்டமென்றால் மேக்கின் 'டபிள்யூ' ஆப்ஷன் அணையாமல் இருக்க வேண்டும் (உள்ளே ஓடும் மேக்குகளில் குனு மேக் அதைப் பெரும்பாலும் தானாகவே இயக்கும்); எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்று அது அறிவித்தால்தான் சார்புப் பாதைகளை விம் கண்டுபிடிக்கும்.

எடிட்டருக்கு நிரலைப் புரிந்து உதவும் க்ளாங்டியையும் சர்வரிலேயே ஓட்டி, பாத் மேப்பிங்ஸ் ஆப்ஷனில் இரு பாதைகளையும் இணைக்கலாம். எழுதும்போதே மீதியை நிரப்பிக் கொடுப்பது நன்றாக வேலை செய்யும். சிஸ்டம் ஹெடருக்குத் தாவினால் மட்டும் உள்ளூரில் அந்தக் கோப்பு இல்லாததால் வெற்றுப் பக்கம் திறக்கும். இதற்கு நல்ல தீர்வு கிடையாது.

கடைசியாக, பாதியில் நிறுத்துவது. கண்ட்ரோல்-சி தட்டினால் இங்கே எஸ்எஸ்எச் சாகும். அங்கே மேக் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த கம்பைல் அதே ஃபோல்டரில் முட்டி, பாதி எழுதிய ஆப்ஜெக்டை, அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் எடுக்கும். எஸ்எஸ்எச்சுக்கு இரட்டை 'டி' கொடுத்தால் சர்வரில் டெர்மினல் ஒதுக்கப்படும், இணைப்பு போனதும் மேக்கும் போகும். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொள்ளும், ஜிசிசி கம்பைலர் நிறக் குறியீடுகளைக் கக்கும், க்விக்ஃபிக்ஸ் கோப்புப் பெயரைப் பிடிக்காது. கேரேஜ் ரிட்டர்னை அதே செட்டில் கழித்துவிடலாம். ஜிசிசியின் நிறத்தை அணைத்துவிடலாம். அதற்கும் மேலே, மேக்கை எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளைக்குள் 'என்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பழையது இன்னும் ஓடினால் புதியது உடனே தோற்றுத் திரும்பும்.