பாதி விலைக்கு வந்திருக்கும் பணியிட ஆங்கிலச் செயலி: நெடுநாள் பயன்படுத்தியவரின் கருத்து

பணியிட ஆங்கிலம் கற்பிக்கும் செயலி ஒன்றின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருப்பதைக் கண்டு, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துகொண்டு அதை நெடுநாளாகப் பயன்படுத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குறையைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் நம் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுகிறது. அதற்கு அளவுகோல் அமெரிக்க உச்சரிப்பு. எங்களோடு அன்றாடம் பேசும் வாடிக்கையாளர்களோ கொரியர்களும் ஜெர்மானியர்களும். ஆங்கிலம் அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். நான் சொல்லும் ‘டாலரன்ஸ்’ (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு) என்ற சொல் அவர்களுக்கு விளங்குகிறது, செயலிக்கு மட்டும் விளங்குவதில்லை. அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டுப் பழக ஒரு பாடம்கூட வைக்காமல், தொழிற்சாலைப் பணியாளர்களுக்கென்றே தயாரித்ததாக விளம்பரம் செய்வது எந்த வகையில் நியாயம்? மின்னஞ்சல் பாடங்கள் பரவாயில்லை. ஆனால் புகார் வந்தால் நாங்கள் முதலில் எழுத வேண்டிய 8டி அறிக்கையை (குறையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் விளக்குவது) பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.

எண்களைச் சொல்லும் பாடம் மட்டும் நான் எதிர்பாராத அளவுக்குப் பயன்பட்டது. தொலைபேசியில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றாகவே காதில் விழும் என்பதால், விமானிகள் வானொலியில் சொல்வதைப் போல ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லவும், மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவைக்கவும் அது பழக்குகிறது. ஜெர்மன் டிராயிங்கில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும், 1.500 என்று எழுதியிருந்தால் அவர்கள் கணக்கில் அது ஆயிரத்து ஐந்நூறு என்பதையும் அந்தப் பாடம் விட்டுவைக்கவில்லை. ஷாஃப்ட் (சுழல்தண்டு) ஒன்றின் ரன்-அவுட், அதாவது சுழலும்போது ஏற்படும் ஆட்டம், 15 மைக்ரானா 50 மைக்ரானா என்று அழைப்பில் இழுபறி வந்தபோது, இந்தப் பழக்கத்தால் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்தது; இல்லையென்றால் அந்த லாட் (ஒரே தொகுதியாகச் செய்த உதிரிபாகங்கள்) முழுவதும், அனுப்பாமல் நிறுத்திவைக்கும் ஹோல்டு ஏரியாவுக்குப் போயிருக்கும்.

இவ்வளவு பாராட்டிய பிறகு வாங்குங்கள் என்றுதான் முடிக்க வேண்டும். ஆனால் வாங்க வேண்டாம். பிறந்த நாள் முதல் நான் சொல்லிவரும் என் ஊரின் பெயரையே நேற்றிரவு அது தவறு என்று சிவப்பில் காட்டியது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எண் பாடம் இலவச மாதிரிப் பகுதியிலேயே இருக்கிறது. அதை முடித்துவிட்டுச் செயலியை நீக்கிவிடுங்கள்.